உரிந்த பெயிண்டுக்கு என்ன விலை? பழைய பேஸா, பழசாக்கிய பேஸா

லண்டனில் இருக்கும் நண்பன் வீட்டு சோபாவில் இரண்டு பேஸ் கிதார்கள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. இரண்டும் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ். இரண்டும் சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகக் கருப்பு), மீட்டும் இடத்தில் ஆமையோட்டு டிசைன் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு. இரண்டிலும் முன்கை படும் மேல் விளிம்பில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசிய தழும்புகள். வாசலில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று 1966-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் செய்தது. மற்றது ஃபெண்டரின் சிறப்புத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப்பில் சில வருடங்களுக்கு முன் செய்து, செய்த கையோடு தேய்த்துச் சுரண்டிப் பழசாக்கியது. அந்த வகைக்கு ‘ரெலிக்’ என்று பெயர். ஒரு வாரம் வைத்து வாசித்துப் பார்க்கச் சொல்லி, தெரிந்த கடைக்காரர் இரண்டையும் கொடுத்திருந்தார். "உனக்கு எது சரின்னு படுது, சொல்லுடா" என்றான்.

முதல் நாள் ராத்திரி யோசிக்காமல் பழையதைக் காட்டினேன். வாரக் கடைசியில் அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிற பேஸ் கலைஞர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர்.

முதலில், பழசு என்று எதைச் சொல்கிறோம்? லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அதன் விலை 199.50 டாலர். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும்படி, விரல்பலகையில் குறுக்கே உலோகக் கம்பிகளான ஃபிரெட் போட்டு, ஸ்வரம் பிசகாத ஒரு வாத்தியம் கிடைத்தது. அந்தத் துல்லியம்தான் பெயராகவும் ஆனது. 1957-இல் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு துண்டாகி, இன்று நாம் பார்க்கும் வடிவம் வந்தது. 1960-இல் ஃபெண்டரின் அடுத்த மாடலான ஜாஸ் பேஸ், 279.50 டாலர். 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 13 மில்லியன் டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. சந்தையில் விலைக்கோடு விழுவது இந்த இடத்தில்தான். அதற்கு முந்தியதென்றால் விலை ஒரேயடியாக ஏறிவிடும்.

ஆனால் கைமாறிய மறுநாளே தொழிற்சாலை மாறிவிடவில்லை. ஆட்கள் அதே ஆட்கள், மெஷின்கள் அதே மெஷின்கள். அலமாரியில் ஏற்கெனவே இருந்த பாகங்களைத்தான் எடுத்து மாட்டினார்கள். மாற்றம் மெதுவாக வந்தது. 60-களின் கடைசியில் மெல்லிய லாக்கர் (வார்னிஷ் போன்ற பளபளப்புப் பூச்சு) போய்த் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 70-களில் கிதாரின் உடல்பகுதியான பாடி கனத்தது. அந்தக் காலத்து பேஸ் சிலவற்றை இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் மறுநாள் கழுத்து திரும்பாது. ஜாஸ் பேஸில் விரல்பலகை இருக்கும் நீண்ட கழுத்தை, அதாவது நெக்கைப் பிடித்திருந்த நான்கு திருகுகள் மூன்றாயின. ஆகவே 1965 கடைசி, 1966 என்று தேதி போட்ட பேஸ் கிடைத்தால் அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கொடுக்கிற காசுக்கு நல்ல மரமும் நல்ல வேலையும் கிடைப்பது அந்த ஓரிரு வருடங்களில்தான் என்பது என் கணிப்பு.

ரெலிக் கதை பின்னால் வருகிறது. ஃபெண்டர் 1987-இல் கஸ்டம் ஷாப்பைத் தொடங்கியது. 1995-இல் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவி வியாபாரக் கண்காட்சியில் பழசாக்கிய கிதார்களை முதன்முதலாக வைத்தது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த வின்ஸ் குனெட்டோ என்பவர்தான் முதல் சில வருடங்கள் ஃபெண்டருக்காக அந்தப் பாடிகளையும் நெக்குகளையும் பழசாக்கிக் கொடுத்தார். அவர் கைப்பட்ட அந்த ரெலிக்குகளையே இன்று தனியாகத் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு அதில் படிகள் வந்தன: பெட்டியைவிட்டே எடுக்காதது போல ஒன்று, லேசாக வாசித்தது போல ஒன்று, முப்பது வருடம் தினமும் மேடையேறியது போல ஒன்று. 2009-இல் மெக்சிகோ தொழிற்சாலையிலிருந்து ‘ரோடு வோர்ன்’ வரிசை வந்ததும், இந்தத் தேய்ந்த தோற்றம் சாதாரண வாசிப்பாளர் கைக்கும் எட்டியது.

எப்படிப் பழசாக்குகிறார்கள்? நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரை மெல்லிசாகப் பூசுகிறார்கள். மரம் ஒரு வேகத்திலும் லாக்கர் இன்னொரு வேகத்திலும் சுருங்கும் என்பதால், திடீர்க் குளிரைக் காட்டினால் பூச்சில் முடியளவு மெல்லிய வெடிப்புகள் ஓடும். நிஜமான பழைய பேஸில் அது குளிர்காலத்தில் வேன் டிக்கியிலிருந்து நேராகச் சூடான ஹாலுக்குள் கொண்டுபோகும்போது தானாக நடந்தது. உலோகப் பாகங்களுக்கு அமில ஆவி காட்டுவார்கள், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவார்கள். கை படும் இடங்களைத் தேய்த்துவிட்டு, வெளியே தெரியும் மரத்தில் அழுக்கு ஏற்றுவார்கள். இது லேசான வேலை இல்லை. நல்ல கை செய்தால் கிட்டப் போனாலும் சட்டெனப் பிடிபடாது.

நாங்கள் கிட்டப் போனோம். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, இரண்டையும் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம்.

ரெலிக்கில் தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் தேய்ந்த இடத்தின் ஓரம் படிக்கட்டு போல நின்றது. பெயிண்ட் ஓரிடத்தில் முடிகிறது, மரம் ஓரிடத்தில் தொடங்குகிறது. 1966-இல் அந்த ஓரம் எங்கே என்றே சொல்ல முடியவில்லை. மேலே தெளிந்த லாக்கர், அடுத்து கருப்பு, சிவப்பு, மஞ்சள், அதற்கும் கீழே மரத்தை அடைத்த பூச்சு, கடைசியில் வியர்வை குடித்துக் கறுத்த மரம் என்று ஒவ்வொன்றும் அடுத்ததில் கரைந்துபோயிருந்தன.

அப்புறம் ஒன்றைக் கண்டோம். அந்தக் காலத்துப் பிரிசிஷன் பேஸில் மெல்லிய தந்திக்குக் கீழே சின்னக் கட்டை ஒன்று திருகியிருக்கும். விரல்களை அதில் கொக்கி போல மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்று நினைத்து ஃபெண்டர் அதை அங்கே வைத்தது. 70-களின் நடுவில்தான், எல்லோரும் விரலால் மீட்டுகிறார்கள் என்று பார்த்துக் கட்டையை மேல்பக்கம் மாற்றினார்கள். இந்த 1966 பேஸில் அந்தக் கட்டைக்குக் கீழே பிக்கார்டின் பளபளப்பு நாலு விரல் அகலத்துக்கு மங்கியிருந்தது. அதன் முதல் சொந்தக்காரர் கட்டைவிரலால் வாசித்தவர். பிக்கப்பின் மேல் விளிம்பிலும் ஒரு பள்ளம் இருந்தது: அதற்குப் பிறகு வந்தவர் கட்டைவிரலை அங்கே ஊன்றி, இரண்டு விரலால் வாசித்திருக்கிறார். ஒரே பேஸில் இரண்டு பேர் கை. ரெலிக்கிலும் அந்தக் கட்டை இருந்தது, பிக்கப் விளிம்பும் தேய்ந்திருந்தது, ஆனால் கட்டையைச் சுற்றி ஒரு கீறல் கிடையாது. பழசாக்கியவருக்கு இன்றைய வாசிப்பு மட்டுமே தெரிந்திருக்கிறது.

இது மனசைத் தொட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் வாங்குகிற முடிவுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு கேள்வி.

வாசிப்பவனுக்கு முதலில் நெக். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பிடித்தோம். பழைய நெக்கில் பல வருடக் கை ஓரங்களை உருட்டியிருந்தது. பின்பக்க லாக்கர் தேய்ந்து, மரம் துணி போல வழவழத்தது. ரெலிக்கிலும் ஓரங்களை உருட்டியிருந்தார்கள், பின்பக்கத்தை நன்றாக இழைத்திருந்தார்கள். நேர்மையாகச் சொன்னால் நண்பன் மூன்று முறையில் இரண்டு முறை ரெலிக்கைப் பழையது என்று சொன்னான். ரெலிக் வேலையில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. பாடியில் பெயிண்ட் உரிந்திருப்பதால் வாசிப்பில் எதுவும் மாறாது. நெக்கின் விளிம்பு உருண்டிருப்பது ஒவ்வொரு நிமிஷமும் இடது கையில் தெரியும்.

ஃபிரெட்டில் ரெலிக்குக்குத்தான் வெற்றி. பழையதில் முதல் ஐந்து ஃபிரெட் தட்டையாகிப் பள்ளம் விழுந்திருந்தது, மூன்றாவதில் தந்தி அதிர்ந்தது. நெக்குக்குள் ஓடி அதை நேராக்கும் கம்பியான ட்ரஸ் ராட் ஏறக்குறைய முழுக்க முறுக்கப்பட்டிருந்தது. இன்னும் வளைந்தால் முறுக்க இடமில்லை. அதை முறுக்க இந்த மாடலில் நெக்கையே அவிழ்க்க வேண்டும் என்பது தனி வேலை. பழைய பேஸ் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இந்தக் கம்பிக்குக் கொடுக்க வேண்டும். கம்பி வேலை செய்யாத நெக்கைச் சரிசெய்யும் செலவு, நல்ல புது பேஸ் ஒன்றின் விலைக்கே வந்துவிடலாம்.

சத்தம். முதல் நாள் பழையது தேன் போலவும் ரெலிக் கண்ணாடி போலவும் கேட்டது. "பாத்தியா, அறுபது வருஷ மரம்டா" என்றான் நண்பன். பார்த்தால் பழையதில் மேற்பரப்பு வழவழப்பாகவும் சத்தம் மென்மையாகவும் இருக்கும் ஃபிளாட் வவுண்ட் தந்தி, ரெலிக்கில் பளீரென்று ஒலிக்கும் புது ரவுண்ட் வவுண்ட். இரண்டுக்கும் ஒரே ஃபிளாட் வவுண்ட் செட் மாட்டினோம், பிக்கப் உயரத்தையும் சமமாக வைத்தோம். வித்தியாசம் பெருமளவு அடங்கியது. அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியான மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃபிளாட் வவுண்ட் தந்திகளை மாட்டிவிட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தவர். அந்தச் சத்தத்தைத் தேடிப் பழைய பேஸுக்குப் பணம் சேர்ப்பவர்கள், முதலில் இருக்கிற பேஸில் தந்தியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பேன்.

மிச்சமிருந்த சின்ன வித்தியாசம் பிக்கப்பினுடையது. அந்தக் காலத்தில் பிக்கப் கம்பியைப் பெரும்பாலும் கையால் வழிகாட்டியே சுற்றினார்கள். சுற்றின் எண்ணிக்கையும் இறுக்கமும் ஒன்றுக்கொன்று மாறும். அதனால் அந்தக் காலத்துப் பேஸ்களிலேயே இரண்டு ஒன்றுபோலக் கேட்காது. இங்கே அபிகெய்ல் இபாராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1956-இல் ஃபெண்டரில் வேலைக்குச் சேர்ந்த பெண்மணி. பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றினார். பிற்பாடு கஸ்டம் ஷாப்பிலும் அவர்தான் சுற்றினார், 2013-இல்தான் ஓய்வு பெற்றார். பழைய பேஸிலும் ரெலிக்கிலும் ஒரே கை சுற்றிய பிக்கப் இருக்க முடியும் என்றால், இரண்டுக்கும் நடுவே நாம் கட்டிவைத்திருக்கும் சுவர் அவ்வளவு உயரம் இல்லை.

பணமும் பயமும் அடுத்து. நிஜமான பழைய பேஸுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி ‘எதுவும் மாற்றப்படவில்லை’ என்பதற்கான விலை. மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது வியாபாரிகள் நடுவே பழகிய கணக்கு. பிக்கப், பாட் (சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் குமிழின் உட்பாகம்), பிரிட்ஜ், டியூனர் ஒவ்வொன்றும் அசல்தானா என்று பார்ப்பார்கள். தொழிற்சாலை வைத்த சாலிடர் கலைந்ததா என்றுகூடப் பார்ப்பார்கள். அதனால் வால்யூம் பாட் கரகரத்தால், பத்து நிமிஷத்தில் மாற்ற வேண்டியதற்கு மூன்று நாள் யோசனை ஓடும். ரப்பர் முனை ஸ்டாண்டில் சாய்த்து வைக்கக் கூடாது. நைட்ரோ லாக்கர் ரப்பரோடு சேர்ந்து உருகிக் கறையாகும். (இது நைட்ரோ பூசிய ரெலிக்குக்கும் பொருந்தும்.) மேடைக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் தனியாக விட முடியாது. பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி எபாக்சி பூசி வைத்திருந்த 1962 ஜாஸ் பேஸ் 1986-இல் நியூயார்க்கில் களவுபோனது, இருபது வருடத்துக்கும் மேல் ஆன பிறகே வெளிப்பட்டது. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து போனது. திரும்பக் கிடைத்த செய்தி 2024-இல்தான் வந்தது. வாரம் மூன்று ராத்திரி ரயிலில் பேஸைத் தூக்கிக்கொண்டு வாசிக்கப் போகிறவன் என் நண்பன். அவன் கதையில் இந்தப் பயம் ஓரமாக ஒதுக்கக்கூடிய விஷயம் இல்லை.

ரெலிக்குக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு பணக்குறை உண்டு. கஸ்டம் ஷாப் ரெலிக்கின் புது விலையில் 70-களின் நிஜமான பிரிசிஷன் பேஸ் ஒன்றே சில நேரம் கிடைத்துவிடும். கடையைவிட்டு வெளியே வந்ததும் ரெலிக்கின் விலை இறங்கும். உங்கள் உடம்பு, உங்கள் வாசிப்பு எதுவும் தெரியாமல் வேறொருவர் தீர்மானித்த தேய்மானத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். கனமான ரெலிக் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். வாங்குவதென்றால் லேசான படியை வாங்குங்கள்; உருண்ட நெக் கிடைக்கும், மேலே விழ வேண்டிய தழும்புகளை உங்கள் கையே போடும்.

ரெலிக் வந்ததால் பழைய பேஸ் வாங்குவது கஷ்டமானதையும் சொல்லியாக வேண்டும். பழசாக்கும் வித்தை பரவிவிட்டது, பழசாக்கிய பாகங்கள் தனித்தனியாக விற்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் சில வருடங்களுக்கு முன் 1964 என்று சொல்லி விற்ற பிரிசிஷன் பேஸை நம்பி வாங்கினார். நெக்கின் பின்தகட்டில் எண் சரி, பாட்கள் சரி, நெக்கும் சரி. பிக்கார்டைத் தூக்கினால் குப்பென்று புது லாக்கர் வாசனை. பாடி மட்டும் புதிது. விற்றவர் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

அதனால் மேஜையில் அந்த 1966 பேஸை முழுக்க அவிழ்த்தே பார்த்தோம். நெக்கின் அடிப்பக்கத்தில் மாதமும் வருடமும் முத்திரையாக இருந்தன. 1962-க்கு முந்தியதென்றால் பென்சில் எழுத்தாக இருக்கும். பாட்டின் முதுகில் 137 6603 என்ற எண்: 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 வருடம், 03 அந்த வருடத்தின் மூன்றாம் வாரம். 1966-இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், அந்த வருட எண் 1968, 1969 பேஸ்களிலும் இருக்கும். பாட்டை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது. நெக் உட்காரும் குழியில் ஒரு பட்டை மட்டும் பெயிண்ட் ஏறாமல் வெறும் மரமாக இருந்தது. ஒரு கட்டையை அங்கே திருகி, அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் காலத்தில் பாடிக்கு ஸ்பிரே அடித்தார்கள். கட்டை மறைத்த இடம் அது. பிக்கார்டுக்கு அடியில் வெயில் படாத சிவப்பு குங்குமம் போல இருந்தது, வெளியே அதே சிவப்பு பழுப்பாகியிருந்தது. விற்பவர் அவிழ்க்க விடவில்லை என்றால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1959 முதல் 60-களின் நடுவரை செய்த ஃபெண்டர்களின் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் வாத்தியங்களுக்குக் கொடுத்த தளர்வு இதற்குப் பொருந்தாது, எல்லை தாண்ட முறையான அனுமதி வேண்டும். 60-களின் நடுவில் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறத் தொடங்கியது. அது வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தின் இனம்தான். அடுத்தது சென்னையின் காற்று. கடல் ஈரத்தில் பழைய பாட், ஜாக், திருகு எல்லாம் பச்சை பிடிக்கும், மழைக்காலத்தில் நெக் அசையும். மாதம் ஒருமுறை கவனிக்க ஆள் இல்லை என்றால் அறுபது வயது பேஸை இங்கே வைத்திருப்பது அதற்கு நல்லதில்லை.

பழசும் ரெலிக்கும் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். 1982-இல் ஃபெண்டர் தன் பழைய மாடல்களை அச்சு அசலாக மறுபடி செய்தது; ஃபுல்லர்டனில் ஒரு வரிசை, ஜப்பானின் மாட்சுமோட்டோவில் ஃபூஜிஜென் தொழிற்சாலையில் இன்னொன்று. அவற்றுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. யாரும் தேய்க்காமல், வாசித்தே தேய்ந்தவை. விலையோ 60-களின் பக்கத்தில்கூட வராது. ஜப்பான் வரிசையில் ஒன்றை நான் ஒரு வருடம் கடனாக வாங்கி வாசித்தேன், திருப்பிக் கொடுத்த நாளில் மனசு கஷ்டப்பட்டது.

இன்னொன்று, என் பதிலை மாற்ற வைத்தது. வியாபாரிகள் ‘பிளேயர் கிரேடு’ என்று சொல்லும் பழைய பேஸ்: நெக் அசல், பிக்கப் அசல், ஆனால் மறுபடி பெயிண்ட் அடித்தது, ஃபிரெட் மாற்றியது, ஏதோ ஒரு பாகம் புதிது. சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாசிப்பவனுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கும். பாதியாகிப்போன மதிப்பின் நஷ்டத்தை முந்தின சொந்தக்காரர் எப்போதோ பட்டு முடித்திருப்பார். நமக்கு அது லாபம்.

ஏழாம் நாள் இரண்டு பேஸையும் கடைக்கு எடுத்துப்போனபோது, "இதே வருஷத்தில் கெட்டுப்போனது ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு 1965 பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். யாரோ 70-களில் சன்பர்ஸ்டைச் சுரண்டிவிட்டு வெறும் மரமாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். டியூனர் புதிது, ஃபிரெட் இரண்டாம் முறை போட்டது, ட்ரஸ் ராடில் இன்னும் முறுக்க இடம் இருந்தது. விலை அந்த ரெலிக்கோடு கிட்டத்தட்ட ஒன்று. நண்பன் நின்றபடியே ஒரு மணி நேரம் வாசித்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே டோன் பாட் கரகரத்தது. டீ ஆறுவதற்குள் பிக்கார்டைக் கழற்றி, பழைய பாட்டை எடுத்துவிட்டு, மேஜை டிராயரில் கிடந்த புதுசை வைத்துச் சாலிடர் செய்தான். சனிக்கிழமை ராத்திரி அதே பேஸோடு ரயில் ஏறினான்.